பத்து நாள் முட்டை

துமினியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் எங்கள் கிளாத்தென் வட்டாரத்திலேயே பார்த்ததில்லை. புருஷன் கர்சோனோவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்த நாளிலிருந்து, தன் கோழி அன்று காலை இட்ட முட்டைதான் அவருக்கு. மிச்சமெல்லாம் சந்தைக்கு.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் நன்றி சொல்லி ஓதி, தெரு ஆண்களுக்குச் சோறு போடுகிற ஸ்லாமத்தான் விருந்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கப்படி மஞ்சள் சோற்றோடு அவித்த முட்டையை ஓட்டோடுதான் வைப்போம். அவரவர் முட்டையை அவரவரே உரிக்க வேண்டும். தெரு ஆண்கள் நடுவே தானும் ஒற்றைக் கையால் உரித்துவிட வேண்டும் என்பதுதான் கர்சோனோவின் ஒரே ஆசை. முப்பது வருஷம் கொத்தனாராகச் சுவர் எழுப்பிய மனிதர். தினமும் காலையில் ஒரு முட்டையைத் தட்டில் உருட்டி உருட்டிப் பழகினார். ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்தது.

"கை செத்துப்போச்சு துமினி. அன்னிக்கு நீயே உரிச்சு வெச்சிடு," என்றார் ஒருநாள். அவள் கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

பக்கத்து வீட்டுக்காரியான நான் இருபது வருஷமாகப் பேருந்து நிலையத்தில் அவித்த முட்டை விற்கிறவள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"கோளாறு அவரு கையில இல்லடி, உன் முட்டையில. இன்னிக்கு இட்ட முட்டை யாருக்கு உரியும்? எனக்கே உரியாது. பத்து நாள் கெடக்கட்டும். தண்ணி கொதிச்சப்புறம் போடு. எடுத்ததும் பச்சைத்தண்ணியில முக்கு."

"பழைய முட்டையையா? நோயில கெடந்து எந்திரிச்ச மனுஷனுக்கா? ஊரு சிரிக்கும்க்கா."

"அவரு மனசொடிஞ்சு கெடக்காரே, அது பரவாயில்லையா?"

விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் அவள் வீட்டுக்குப் போனபோது அடுக்களை மூலையில் ஒரு கூடை இருந்தது. அதில் முதல் முட்டை, நாள் எண்ணக் கரிக்கோடு போட்டு.

பத்து நாள் கழித்து, விருந்தன்று ஆண்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் நாங்கள் அடுக்களையில். துமினி கதவிடுக்கை விட்டு நகரவே இல்லை. ஓதி முடிந்ததும் கர்சோனோ முட்டையைத் தட்டில் தட்டினார். உள்ளங்கையால் அழுத்தி உருட்டினார். கட்டைவிரலால் தள்ளினார். சட்டை கழற்றுகிற மாதிரி ஓடு கழன்று வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, அவரவர் கவனம் அவரவர் முட்டையில். அதைத்தானே அவரும் விரும்பினார்.

அவர் சாப்பிடவில்லை. மெதுவாக எழுந்து, காலை இழுத்து இழுத்து அடுக்களைக்கு வந்து, அந்த முட்டையைத் துமினியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆறு மாசமா நீதான எனக்கு உரிச்சு ஊட்டுற. இத நான் உரிச்சேன். வாயத் தொற."

"பந்தியில இருந்து பாதியில எந்திரிச்சு வரலாமா? ஆளப் பாரு, வெவஸ்தையே இல்ல," என்று திட்டினாள். திட்டிக்கொண்டே வாயைத் திறந்தாள்.