தூத்துக்குடிக்குக் கொண்டுபோன இரண்டு பொட்டலம்

என் கையெழுத்து கோழி கிளறிய மண்போல இருக்கும். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றவன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு, எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் தைரியம்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், மாசி மாதம். எனக்குச் சாத்தான்குளத்தில் சின்னப் பலசரக்குக் கடை. மகள் செல்லக்கனிக்குத் தூத்துக்குடியில் ஓர் இடம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பொன்னையாவுக்குத் துறைமுகத்தில் தோணியில் ஏறும் மூடைகளை எண்ணுகிற வேலை. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். இனி நான் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு முடிவு சொல்வார்கள். செல்லக்கனிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சீனி ரேஷனில் இருந்த காலம். வெள்ளைக் கற்கண்டைக் கண்ணால் பார்ப்பதே அரிது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்த அரை ராத்தலை அவர்களுக்கென்று பொட்டலம் கட்டினேன்.

இன்னொரு பொட்டலம் படிகாரம். கொழும்பில் ஒரு கடையில் நின்ற வயதில் சொந்தமாகச் சவரம் செய்யப் பழகியவன் நான். வெந்நீர், சோப்பு நுரை, கத்தி. கடைசியில் படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுக்கத் தடவ வேண்டும். கத்தி தப்பாகப் போன இடத்தில் சுரீர் என்று கடிக்கும். பிறகு ரத்தம் நின்று தோல் இறுகும். அது இல்லாமல் நான் வெளியூர் போவதில்லை. தூத்துக்குடியில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று கேள்விப்பட்டதால், குடத்தில் போட்டுத் தெளிய வைக்கவும் சேர்த்து அரை ராத்தல் உடைத்தேன். தினம் தேய்க்கிற கல்லும் அதற்குள்ளேயே இருந்தது.

"ரெண்டும் ஒரே வெள்ளைக் கல்லு. ஒண்ணுல மஞ்சளைத் தடவி வைங்க, மாறிப் போவும்" என்றாள் என் மனைவி.

"இருவது வருஷமா பொட்டலம் கட்டுதேன். என் கைக்குத் தெரியாதா?" என்றேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். திருச்செந்தூர் பதினான்கு மைல், அங்கிருந்து தூத்துக்குடி இருபத்தைந்து மைல். இரண்டுமே பெட்ரோல் இல்லாமல், பின்பக்கம் அடுப்பு வைத்துக் கரியில் ஓடுகிற பஸ். ஆத்தூரில் வண்டி நின்றபோது ஒரு கவுளி வெற்றிலை வாங்கினேன். அடுத்த மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. டிரைவர் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். பக்கத்தில் தள்ளிய உப்பளக் கங்காணி, டிக்கெட் வாங்கினது உட்காருவதற்கா தள்ளுவதற்கா என்று கேட்டார். தள்ளுகிறவருக்குக் காற்று இலவசம் என்றார் டிரைவர். பழையகாயல் தாண்டியதும் இருபுறமும் உப்பு அம்பாரம். வெயிலில் கண் கூசியது.

பதினொன்றரைக்குத் தூத்துக்குடி. கிரேட் காட்டன் ரோடு பக்கம் ஒரு மாடியறை, நாளுக்கு எட்டணா. சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். தோணிகள் பாய்மரத்தோடு வரிசையாக நின்றன. சங்கு குளிக்கிறவர் ஒருவரிடம் முத்து எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். முத்துக் குளித்து வெகு காலமாயிற்று, இப்போது சங்குதான் சோறு போடுகிறது என்றார்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீடு. வெற்றிலை, பழம், பொட்டலம் மூன்றையும் மாப்பிள்ளையின் அம்மாளிடம் கொடுத்தேன். வீடு சின்னது, சுத்தமானது. எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் பையனின் தாய்மாமன் ஒருவர் இருந்தார், டவுனில் ஜவுளிக்கடைக்காரர். எல்லாக் கேள்வியும் அவர்தான் கேட்டார். பனங்காட்டுப் பெண் டவுனில் குப்பை கொட்டுமா என்றார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். நாளைக்குச் சொல்லுகிறோம் என்று அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அறையில் சவரம் செய்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல்லை நனைத்துத் தடவினேன். தாடையில் ஒரு வெட்டு இருந்தது, அங்கேயும் கடிக்கவில்லை. கை கன்னத்தில் ஒட்டியது. ஓர் ஈ வந்து மூக்கருகே உட்கார்ந்தது. நாக்கை நீட்டி உதட்டோரம் தொட்டேன். தித்தித்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சீனிக்குப் பஞ்சமான காலத்தில், ஒரு பலசரக்குக் கடைக்காரன், சம்பந்தம் பேசப் போன வீட்டில் கற்கண்டு என்று படிகாரத்தைக் கொடுத்திருக்கிறான். கலப்படக்காரன் என்றுதானே நினைப்பார்கள்? எட்டு மணிக்கு ஊருக்குப் பஸ் இருந்தது. ஏறிப் போய்விடலாம் என்று மெய்யாகவே நினைத்தேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்லக்கனி என் முகத்தைத்தான் பார்ப்பாள். முகத்தைக் கழுவினேன். தேய்த்த துண்டை மட்டும் தனியே எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மீதிக் கற்கண்டோடு நடந்தேன்.

பொன்னையா முற்றத்தில் ஆணியில் கண்ணாடி மாட்டிச் சவரம் முடித்திருந்தார். கையில் என் கல். கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. நல்ல கல்லு" என்றார்.

நான் பொட்டலத்தை நீட்டினேன். "மாறிப் போச்சு. ஏமாத்தணும்னு செய்யல."

"தெரியும். ஒரு பக்கம் தேய்ஞ்ச கல்லு ஒண்ணு உள்ள கெடந்தது. ஏமாத்துதவன் தன் சவரக் கல்லையா வைப்பான்? நீங்க வராம பஸ் ஏறிப் போயிருந்தாலும் நாங்க இதைச் சொல்லி உங்களைக் கூச வச்சிருக்க மாட்டோம்."

அந்த அம்மாள் சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். நான் போனதும் முதல் துண்டை வாயில் போட்டது தாய்மாமன்தானாம். வாய் சுருங்கி, நாக்கு இழுத்து, அரை மணி நேரம் அவரால் பேச்சே எடுக்க முடியவில்லையாம். "எங்க அண்ணன் வாயை மூடி நான் பார்த்ததே இல்ல. அந்த அரை மணிக்குள்ள நாங்க பேசி முடிச்சிட்டோம். அவரு ஒருத்தர் சம்மதந்தான் பாக்கி" என்றார்.

உள்ளேயிருந்து அவரே வந்தார். என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"என்னவே, இதுல முகத்துல தேய்ச்சது ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. அது மடியில இருக்கு" என்றேன்.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. அத்தனை பேர் நடுவில் நானும் சத்தமாகச் சிரித்தது எனக்கே புதிது. அவர் பொட்டலத்தை வாங்கி, ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுனி நாக்கால் தொட்டுச் சோதித்து, பிறகு வாயில் போட்டார். எல்லாரும் காத்திருந்தோம்.

"வைகாசியில நாள் பாருங்க" என்றார்.

பகல் ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். அதே உப்பு அம்பாரம், அதே மேடு, அதே தள்ளல். எங்கள் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெள்ளை முந்தின நாள் கூசியது. இப்போது அது மகள் இருக்கப்போகிற ஊரின் நிறமாகத் தெரிந்தது. மடியில் இருந்த துண்டை வழியில் நானே தின்றேன். கொஞ்சம் சோப்பு வாசம் இருந்தது.

என் கல்லை அவர்கள் திருப்பித் தரவில்லை. சம்பந்தி வீட்டு முற்றத்து மாடக்குழியில் அது இருக்கிறது. அங்கே போகிற நாளில் அவர் தேய்த்த பிறகு நான் தேய்க்கிறேன். இப்போது பாக்களவுதான் மிச்சம். அது கரைந்துபோகும் முன் இதை எழுதிவிடுங்கள் என்று மருமகன் நோட்டு வாங்கித் தந்து ஒரு வருஷமாகிறது. இன்றுதான் உட்கார்ந்தேன்.

விரோதி வருஷம், ஆவணி மாதம் 3ஆம் தேதி, 1949.