கோல் அடிக்கும் பாடு

ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஆண்கள் முறை வைத்துக்கொள்வார்கள், அதுதான் பாடு. பெண்களுக்குப் பாடு கிடையாது. அந்த எரிச்சலில்தான் எங்கள் கால்பந்து கிளப்பில், முன்னால் நின்று கோல் அடிக்கும் இடத்துக்குப் பாடு வைத்தோம். ஆட்டத்துக்கு ஒருத்தி.

இறுதி ஆட்டத்தன்று பாடு எனக்கு வந்தது. அணியிலேயே மந்தமானவள் நான்தான்.

"கப்பு வேணாமா? கேப்டனை முன்னால வுடுங்கடி" என்று பயிற்சியாளர் அக்கா கத்தினார்.

கேப்டனோ, "இன்னாக்கா, இன்னிக்கு அவ பாடு" என்று பின்னால் போய் நின்றாள்.

எதிரணியில் மூன்று பேர் அவளையே சுற்றினார்கள். என்னை யாரும் சட்டை செய்யவில்லை. அவள் தள்ளிவிட்ட பந்து என் முழங்காலில் பட்டு உள்ளே போனது.

கோப்பையோடு கரைக்கு வந்தபோது, வலை உதறிக்கொண்டிருந்த என் நைனா நிமிர்ந்து கேட்டார்: "அடுத்த பாடு யாருக்கும்மா?"