பன்னிரண்டு அங்குல அட்டை

அம்மாவுக்குக் கணக்கு வராது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்ட புண்ணியவதி நான்தான்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துச் சித்திக்குக் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்று தாயையும் பிள்ளையையும் ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவதாக முடிவானது. அப்போது ஆடி மாதம். சேரம்பாடிப் பக்கம் ஆடியில் துவைத்த துணி காய நான்கு நாளாகும். அந்தக் குளிரில் கைக்குழந்தை.

அருமையாகப் பிறந்த பிள்ளைக்கு ஒன்பது வீட்டுத் துணி வாங்கிப் போர்த்தினால் நோய் அண்டாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வழக்கம். கிடைத்த துணிகளை அப்படியே ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. தோட்டத்து நர்ஸ் செல்போனில் காட்டிய ஒட்டுப்போர்வை மனதில் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு சதுரம், வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை. இரண்டு லயத்துக்கும் சேர்த்துத் தையல் மெஷின் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஆகவே இதில் அம்மாவின் மானமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

பிஸ்கட் பெட்டி அட்டையில் பன்னிரண்டு அங்குலச் சதுரம் வெட்டி, புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் என் கையில் கொடுத்தாள். வீடு வீடாகப் போய், பழைய பருத்திச் சேலையில் இந்த அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டி வாங்கிவர வேண்டும். மேல் லயத்தில் ஒரு வீடு, கீழ் லயத்தில் எட்டு வீடு.

மேல் லயத்து வீட்டில் வேலை ஒழுங்காக முடிந்தது. கீழ் லயத்துக்குத் தேயிலைக்கு நடுவே இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. துணியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அட்டையைத் தலைக்குக் குடையாகப் பிடித்தேன். கீழே போய்ச் சேர்ந்தபோது அது ஊறிய அப்பளம் மாதிரி தொங்கியது. பயத்தில் அதைப் பாதையோரத் தேயிலைச் செடியின் தூரில் திணித்துவிட்டு, அடுத்த வீட்டில் முதல் துணியையே நீட்டி, அம்மா இதை வைத்து வெட்டச் சொன்னாள் என்றேன். அந்த வீட்டுத் துணியை வைத்து அடுத்த வீடு, அதை வைத்து அதற்கடுத்த வீடு. இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி வீடு அப்பாவின் அக்காவான அத்தையுடையது. பூ போட்டுத் தருகிறேன் என்று தன் துணியை வைத்துக்கொண்டார். மற்ற எட்டையும் அம்மா பிரித்துக்கூடப் பார்க்காமல் மெஷின் மேல் வைத்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்தால் உட்காரவே நேரமிருக்காது, தைப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா மலையிலிருந்து விறகுக் கட்டோடு வந்தாள். சுள்ளிகளுக்கு நடுவே அந்த அட்டை இருந்தது. அம்மா அதை இரண்டாக மடித்து வெந்நீர் அடுப்பில் திணித்தாள். வீடெல்லாம் புகை. அப்பா இருமிக்கொண்டே வெளியே போனார். கோட்டைவிட்டுவிட்டாள், அடையாளம் தெரியவில்லை என்று நான் மூச்சுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை தன் துணியோடு வந்தார். அம்மா ஒன்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். எதுவும் எதோடும் பொருந்தவில்லை. குறைந்தால் அம்மா திட்டுவாள் என்று கீழ் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கோட்டுக்கு வெளியே வெட்டியிருந்தார்கள். மேல் லயத்துத் துணி பன்னிரண்டு அங்குலம், அத்தையுடையது பதின்மூன்றரை. பெரியதையெல்லாம் வெட்டிக் குறைக்கலாம் என்றால், அத்தை ஓரம் வரைக்கும் பூவும் கொடியுமாகத் தைத்திருந்தார்.

“பூவுல கத்திரி பட்டுச்சுன்னா துணிய நான் எடுத்துட்டுப் போயிருவேன்” என்றார் அத்தை. எட்டு வீட்டுத் துணி என்றால் வழக்கமே கெட்டது. கூடியிருந்த பெண்கள் அளவு கொடுத்தது யார் என்று கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் போனேன்.

“நான்தாங்க. அளவ நான்தான் தப்பாக் குடுத்துட்டேன்” என்றாள் அம்மா.

பிறகு தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த மஞ்சள் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதோடு சேர்ந்திருந்த சிவப்பு ரவிக்கைத் துணியைத் தனியே வெட்டினாள். அத்தையின் துணியை நடுவில் வைத்தாள். மற்றவற்றைச் சுற்றிச் சிவப்புப் பட்டை கொடுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தாள். சிறியதற்கு அகலப் பட்டை, பெரியதற்கு ஒல்லிப் பட்டை. எட்டாம் வீட்டுத் துணிக்குப் பட்டை வைக்க இடமேயில்லை. தையலுக்கு மடிப்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இழுத்துச் சரிக்கட்டினாள். அடியில் ஒரு பழைய போர்வையை வைத்துத் தைத்து முடிக்கவும், வாசலில் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டதால் குழந்தையோடு சித்தியும் அதற்குள் அடங்கினாள். தன் பூவுக்காகத்தான் போர்வையே என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார். குழந்தை தூங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூடவே அம்மாமேல் இரக்கமும் வந்தது. செய்யாத தப்பைத் தான் செய்ததாக நம்புகிறாளே, கணக்கில் இவ்வளவு மோசமா என்று. மறுநாள் பள்ளி ஸ்கேலை எடுத்துவந்து அவளுக்கு அங்குலம் சொல்லிக்கொடுத்தேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்ப ஒண்ணுலேர்ந்து அளக்கக் கூடாதா? சைபர்லேர்ந்தா அளக்கணும்?”

“ஆமா. இனிமே எங்கிட்டக் கேட்டுக்கோ” என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். அந்தத் தீபாவளிக்கு மஞ்சள் சேலைக்குப் பழைய கறுப்பு ரவிக்கைதான் போட்டுக்கொண்டாள். அதையும் கணக்குத் தெரியாமல் வெட்டியதன் பலன் என்றே ஊரெல்லாம் சொன்னேன். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

நனைந்து ஊறிய அட்டையை, அடுப்பெரிப்பதற்கென்று யாரும் மலையிலிருந்து சுமந்துகொண்டு வரமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.