மீதி நாள் ரெஸ்ட்

வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுவேன். செவ்வாயும் வியாழனும் ஆறாறு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு. இதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் ஓடுகிறவர்கள் மத்தியில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. வாரத்துக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்களை ஓரங்கட்டிவிட்டு நான் முன்னால் போனால் அவர்களுக்கு எப்படி நம்பத் தோன்றும்?

முகப்பேரில் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. நாலரைக்கு எழுந்தால்தான் ஓட்டம், சமையல், குளியல் எல்லாம் முடித்து ஏழு மணிக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க முடியும். வேனைத் தவறவிட்டால் பூந்தமல்லி வரைக்கும் பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டிருக்கிற இடங்களில் எல்லாம் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் அரை நாள் லீவு என்று எழுதிவிடுவார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடோனில் எனக்கு வேலை. ஏரி எங்கேயோ தகரக் கூரைகளுக்குப் பின்னால் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் அதை நான் நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம். கையில் ஒரு மெஷின் தருவார்கள். எந்த வரிசை, எந்தத் தட்டு, என்ன பொருள் என்று அது சொல்லும். தள்ளுவண்டியோடு போய் எடுத்து வந்து பேக்கிங் மேஜையில் வைக்க வேண்டும். வைத்ததுமே அடுத்த நம்பர் வந்துவிடும். உட்கார நாற்காலி கிடையாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன்.

என்னோடு ஓட வருகிறவள் அடுத்த தெருவில் புது அபார்ட்மென்டில் இருக்கிறாள். திருநெல்வேலிக்காரி, என்னைவிட ஆறு வயது சின்னவள், ஐடியில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தெருமுனையில் என்னைத் துரத்திய நாயை அவள் அதட்டி விரட்டியதில் ஆரம்பித்த சிநேகம். புது வாட்ச் வாங்கியபோது, கிலோமீட்டர் காட்டுகிற தன் பழைய வாட்சை எனக்குத் தந்தாள். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுவாள். இருபத்தொரு கிலோமீட்டர் போட்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று தள்ளிப்போனது. 1:59 என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட வேண்டுமாம்.

போன வருடப் போட்டியில் நான் இரண்டு மணி நேரத்துக்கு நாலு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டேன். எல்லைக்கோட்டில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"மூணு நாளு ஓடித்தான் இப்படி வாரீங்களா? நெசத்தச் சொல்லுங்கக்கா."

"இன்னா பெரிய ரகசியம் கீது இதுல? வாரத்துக்கு மூணு நாளு. மீதி நாளு ரெஸ்ட்டு. அவ்ளோதான்."

ரெஸ்ட் என்ற சொல்லை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஓடுகிறவர்கள் பயிற்சி அட்டவணையில் ஓடாத நாளுக்கு நேராக அப்படித்தான் போடுவார்கள். அவள் அனுப்பிய அட்டவணைகளில் பார்த்துத்தான் நானும் சொல்லப் பழகினேன்.

அவள் என்னை நம்பினாள். அதுதான் வினையாகிவிட்டது. ஐந்து நாளை மூன்றாகக் குறைத்தாள். நான் ஓடுகிற அதே நாட்கள், அதே தூரம், பக்கத்திலேயே ஓடினாள். மற்ற நாட்களில் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றும், முட்டி வலி போயே போய்விட்டது என்றும் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருடப் போட்டியில் பதினைந்து கிலோமீட்டர் வரைக்கும் சேர்ந்தே ஓடினோம். அதற்குப் பிறகு அவள் பின்தங்கினாள். எனக்கும் கால் கனத்தது, ஆனால் அந்தக் கனம் எனக்குப் புதிதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு என் கால் தினமும் அப்படித்தான் இருக்கும். அப்போது அதைப் பற்றி யோசிக்காமல் ஓடி, போன வருடத்தைவிட ஒரு நிமிடம் முன்னாலேயே வந்து சேர்ந்தேன். அவள் கடைசி நாலு கிலோமீட்டரை நடந்தே வந்தாள். இரண்டு மணி பத்தொன்பது நிமிடம்.

கேப்பில் வீட்டுக்குத் திரும்பினோம். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க கிளாஸ்ல ஒருத்தி இருந்தா. பரீட்சைக்கு முன்னால ஒண்ணுமே படிக்கலன்னு சொல்லுவா. நாங்களும் படிக்காம போவோம். அவ சென்டம் வாங்கிருவா."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத என்னைப் போய் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று கோபமும் வந்தது. தெருமுனையிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் தனியாக ஓடினேன். ஓட்டம் கசந்தது. நானும் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

குடோனில் போன், வாட்ச் எதையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். வீட்டில் மற்றவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று, அதிர்கிற அலாரத்துக்காக ராத்திரி வாட்சைக் கட்டிக்கொண்டுதான் படுப்பேன். ஒரு புதன்கிழமை, ஓடாத நாள், உள்ளே போகிற அவசரத்தில் அதைக் கழற்றி லாக்கரில் வைக்க மறந்துவிட்டேன். மேலே முழுக்கைச் சட்டை. வாசலில் சோதிக்கிற அம்மாவும் கவனிக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டாவது வரிசையில் நிற்கும்போது மணிக்கட்டில் அது அதிர்ந்ததும் எனக்குப் பகீரென்றது. யாராவது பார்த்தால் வேலைக்கே உலை வைத்துவிடும். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வேனில் ஏறிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். பதினான்கு கிலோமீட்டர் என்று காட்டியது. அன்றைக்கு நான் ஓர் அடிகூட ஓடவில்லை. ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகு வரிசைகளின் நீளத்தையும் தள்ளுவண்டியையும் நினைத்துப் பார்த்தேன். கோளாறு இல்லை. வேலைக்குப் போகிற ஆறு நாளும் இப்படித்தான் நடந்திருக்கிறேன். வாட்ச் மட்டும் லாக்கரில் இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகாமல் நேராக அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் உள்ளே வாங்க என்று மட்டும் சொன்னாள். ஃப்ரிட்ஜில் அந்தத் தாள் இல்லை, ஒட்டியிருந்த பசைதான் தெரிந்தது. வாட்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"இது எப்ப ஓடுனது?"

"ஓடலமா. குடோன்ல நடந்தது. லாக்கர்ல வெக்க மறந்துட்டேன்."

அவள் வாட்சை வெளிச்சத்தில் பிடித்து அந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதத்தான் ரெஸ்ட்டுன்னு சொன்னீங்களாக்கா?"

"தெரியாம சொல்லிட்டேன்மா. அத நான் வேலைன்னுதான நெனச்சினு இருந்தேன்."

அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டாள். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன்.

"கால் வலிக்காதாக்கா உங்களுக்கு?"

கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் எப்போதும் சொல்வேன், அப்படியே வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, வலிக்கும் என்றேன். தினமும் வலிக்கும் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.