பிழையையும் எழுதி வைத்த பைல்

கொம்பியூட்டர் படிப்பித்தவர்களுக்குத் தெரியும்: மெசினைச் சமாளிக்கலாம், அதற்கு முன்னால் இருக்கிற ஆளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணம் ரவுணில், நகரின் நடுவே ஒரு பயிற்சி நிலையத்தில், எனக்கு அந்த வேலை. மெசின் இரண்டு, படிக்கிறவர்கள் முப்பது பேர். ஒரு வரி அடித்தால் திரையில் உடனே பதில் வரும். பதிவுக் கட்டளையைக் கொடுத்துவிட்டால் அடித்ததும் பதிலும் ஒன்றுவிடாமல் ஒரு பைலில் சேரும். நான் பிறகு ஆறுதலாக இருந்து திருத்துவேன்.

முறைப்பாடு

வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். அவருடைய பைலில் கணக்குகளுக்கு நடுவே, 'மிஸ், விசிறி சுத்தேல்லை', 'மிஸ், கதிரை ஆடுது' என்று இங்கிலீஷ் எழுத்தில் வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மெசின் 'பிழை' என்று பதில் சொல்லியிருக்கும்.

"ஐயா, வாயாலை சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"வாயாலை சொன்னால் நாளைக்கு இல்லையெண்டுவியள், பிள்ளை. இது பதிவுத் தபால்."

கறண்ட்

பதிவை மூடாமல் எழும்பினால் பைலில் ஒன்றும் மிஞ்சாது என்று நாள்தோறும் எச்சரிப்பேன். ஒருநாள் நானே ஒரு மணித்தியாலம் பெருமையாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது கறண்ட் நின்றது. திரும்ப வந்ததும் திறந்தேன். பைல் வெறுமை. எனக்கு முகம் கறுத்துப்போனது. கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்யும் செல்வராசா அண்ணை கொப்பியை நீட்டினார்.

"பாதகமில்லை மிஸ், நான் எல்லாத்தையும் பென்சிலாலை எழுதிப்போட்டன்."

சாட்சி

குருநகர்ப் பிலோமினாவின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். வகுப்பில் முதலாவதாக அவள்தான் கடைசிப் பயிற்சியை முடித்தாள். எங்கள் நிர்வாகி நம்பவில்லை. "உது புத்தகத்தைப் பாத்து அடிச்சது" என்று சான்றிதழை மறித்துவிட்டார். அது இல்லாவிட்டால் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை போய்விடும். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அவளுடைய பதிவை அச்சடித்தேன். கடதாசி மேசையால் இறங்கி வாசல்வரை போனது. அடிக்கிறாள், பிழை, மாற்றுகிறாள், திரும்பவும் பிழை. அப்படிப் பதினேழு தரம். பதினெட்டாவதில் சரி. நிர்வாகி நின்றபடியே முழுவதையும் வாசித்தார். பிறகு சான்றிதழில் கையொப்பம் வைத்தார். பிலோமினா அந்த நீளக் கடதாசியைக் கவனமாக மடித்தாள்.

"சேட்டிபிக்கற்றை அம்மாவிட்டைக் குடுக்கிறன், மிஸ். உந்தப் பிழையள் எனக்கு வேணும்."

இவ்வளவு பைல் திருத்தியவள் சொல்கிறேன்: ஒரு பிழையும் விடாதவர்களின் பைலைப்போல வாசிக்க அலுப்பானது வேறொன்றும் இல்லை.