ஜனாதிபதிக்கு வந்த வருத்தம்

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்தி எழுதியவர். எந்த வெளிநாட்டையும் கண்டவரல்ல. வானொலியில் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, கொழும்பிலிருந்து பிந்தி வரும் சஞ்சிகைகளைப் படித்து, அவற்றைத் தமிழில் எழுதுவார். எண்பதுகளில் அமெரிக்காவில் ஒரு முன்னாள் நடிகர் ஜனாதிபதியாக இருந்தபோது, அவருடைய வாழ்க்கையை ஐயா ஒரு தொடராக எழுதினார்.

அந்த மனிதரின் அரசியல் ஐயாவுக்குப் பிடிக்காது. நடிகர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், பதவிக்கு வந்ததும் வேலைநிறுத்தம் செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார் என்று கோபப்படுவார். ஆனால் அவருடைய வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால் ஐயாவின் குரலே மாறிவிடும். அந்த நடிகர் குடிகாரச் சப்பாத்து வியாபாரி ஒருவரின் மகன். இளம் வயதில் வானொலியில் பேஸ்போல் வர்ணனை செய்தவர். மைதானத்துக்குப் போகாமல், தந்தியில் வரும் இரண்டொரு சொல்லை வைத்துக்கொண்டு, காணாத ஆட்டத்தைக் கண்டதுபோலச் சொல்வாராம். “நானும் அவனும் ஒரே தொழில்தான்” என்பார் ஐயா. ஆளுநராக இருந்து, பிறகு ஜனாதிபதி வேட்பாளராக முயன்று தோற்று, இனி இந்த ஆள் முடிந்தார் என்று எல்லோரும் சொன்ன பிறகு, எழுபதை எட்டும் வயதில் வென்றவர். பதவியேற்ற சில வாரங்களிலேயே நெஞ்சில் குண்டு பட்டும் எழும்பியவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஐயாவை ரொறன்ரோவுக்கு அழைத்துக்கொண்டபோது அவருக்கும் எழுபதை எட்டும் வயது. அம்மா ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை, நான் நகரத்துக்குள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு. பகல் முழுவதும் ஐயா தனியே இருப்பார். ஒருநாள் வேலையால் வந்தபோது, கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“எழுபதிலை ஒருத்தன் அமெரிக்காவை ஆளத் தொடங்கினவன். நான் ஒரு பேப்பரிலை எழுதத் தொடங்கக் கூடாதோ?”

எங்கள் பக்கத்துப் பிளாசாவில், தமிழ்க் கடைகளில் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை ஒன்று அச்சாகியது. அதன் ஆசிரியர் என்னிலும் இளையவர். பள்ளிக்கூடக் காலத்தில் ஐயாவின் தொடரை ஒரு கிழமை விடாமல் படித்தவராம். உடனேயே அரைப் பக்கம் கொடுத்தார். அந்தச் சில மாதங்கள்தான் ஐயா இந்த நாட்டில் சந்தோஷமாக இருந்த காலம். பத்திரிகை வரும் நாளில் மரக்கறிக் கடை வாசலில் நின்று, யார் யார் அதை எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, போன கிழமை தந்த கட்டுரையையே ஐயா திருப்பித் தந்திருக்கிறார். ஒரு சொல்லும் மாறேல்லை.”

களைப்பாக இருக்கும் என்றேன். அடுத்ததாக ஐயா எழுதிய கட்டுரையில் அந்த நடிகர் இன்னும் அமெரிக்காவை ஆண்டுகொண்டிருந்தார். அவருக்குப் பின் ஒருவர் வந்து போய், இன்னொருவரும் வந்திருந்தார். ஆசிரியர் அதை அச்சில் போடவில்லை.

“சனம் சிரிக்கும் அக்கா. ஐயாவைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.”

கட்டுரை நின்றுபோனது. ஐயாவோ ஒவ்வொரு கிழமையும் பத்திரிகையை எடுத்து வந்து, முதலிலிருந்து கடைசிவரை தன் பெயரைத் தேடுவார். ஒருநாள் அதை எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. சில மைல் தள்ளி, அஜின்கோர்ட்டில் ஒரு பஸ் தரிப்பிடத்தில், பனிக்குள், வீட்டுச் செருப்போடு நின்றவரை யாரோ கண்டு பொலிசுக்குச் சொல்லியிருந்தார்கள்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்த நாட்டின் பிரதமர் யார் என்று டொக்டர் கேட்டார். கனடாவைப் பற்றித் தான் எழுதுவதில்லை என்று ஐயா நல்ல ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னார். அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் சொல்வாராம். சொல்லவும் செய்தார், பெரிய யுத்தக் காலத்து ஜனாதிபதியிலிருந்து வரிசையாக. நடிகரோடு நின்றுவிட்டார்.

“அவருக்குப் பிறகு?” என்றார் டொக்டர்.

“அவருக்குப் பிறகு ஒருவரும் இல்லை.”

இது என்ன வருத்தம் என்று டொக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். மருந்து இல்லை என்றும் சொன்னார். ஐயா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை என்றே நினைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் பின்னேரம், நாங்கள் மூவரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் அந்த முன்னாள் ஜனாதிபதியின் படம் வந்தது. தனக்கு மறதி நோய் வந்திருப்பதாக அவரே நாட்டு மக்களுக்கு அறிவித்திருந்தார். ஐயா கோப்பையைக் கீழே வைத்தார்.

“அண்டைக்கு டொக்டர் எனக்குச் சொன்னதும் உந்தப் பேர்தானே, பிள்ளை?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஓம் ஐயா.”

“குண்டு பட்டும் எழும்பினவன். உலகத்திலை உள்ள டொக்டர்மார் எல்லாரும் அவன்ரை வாசலிலை நிப்பினம். அவனுக்கே வழியில்லையெண்டால் எனக்கு என்ன இருக்கு?”

என் கணவர், “புது மருந்து ஏதும் வரும் மாமா” என்றார்.

“வரும் தம்பி. வரேக்கை அது என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியாது.”

அம்மாவின் செத்தவீட்டில்கூட அழாதவர், அன்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த நாள் அவருக்கு அது ஒன்றும் நினைவில் இல்லை. தொலைக்காட்சி மறுபடியும் அதே செய்தியைச் சொன்னது, அவர் மறுபடியும் முதல் தடவையாகக் கேட்டு, அதே கேள்வியைக் கேட்டு, அழுதார். மூன்றாம் நாள் நாங்கள் தொலைக்காட்சியை எங்கள் படுக்கை அறைக்குள் தூக்கி வைத்துப் பூட்டினோம். வாழ்நாள் முழுவதும் செய்தி கேட்டவரின் வீட்டில் அதன்பின் செய்தி இல்லை.

ஓரிரு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். ஐயா அடுப்பை எரியவிட்டு மறந்ததில் கட்டடம் முழுக்க அலாரம் அடித்து, எல்லோரும் படிகளால் இறங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் அப்படி நடந்தபோது, அவரை முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அங்கே போனபின் அவருடைய ஆங்கிலம் முழுதாகப் போய்விட்டது. தாதிகளுக்குத் தமிழ் தெரியாது. தண்ணி, நோகுது, பசிக்குது என்று சில சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி அவருடைய கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். அவர்கள் அன்போடு வாசித்துக் கேட்பார்கள். அது தமிழ் என்று ஐயாவுக்குப் புரிவதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, கதிரையில் நிமிர்ந்து இருந்து, வேற்று மனிதரிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

“நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள்?”

“என்ரை ஐயாவை.”

சற்று யோசித்தார். “அப்பிடி ஒருத்தர் இஞ்சை இல்லையே. வேறை இடத்திலை விசாரிச்சுப் பாருங்கோ.”

விசாரிக்கிறேன் என்றேன். சாப்பாடு வந்தது. யாரென்று தெரியாத ஒருத்தியின் கையால் அவர் அமைதியாகச் சாப்பிட்டார். அவர் வாயைத் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த மாரிக் குளிர் முடியுமுன் அவர் போய்விட்டார்.