ஒடியல் பிட்டும் வங்காலை எலிகளும்

எலிமருந்து விற்கிற தொழிலில் பெரிய கஷ்டம் என்னவென்றால், அதைத் தின்ன வேண்டியவர் ஒருநாளும் கடைக்கு வந்து தன் ருசியைச் சொல்வதில்லை.

மன்னாரில் உரமும் கிருமிநாசினியும் விற்கிற ஒரு கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். நெல்லுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் பேச்சை என்னோடு தொடங்கி நிசாம் நானாவோடு முடிப்பார்கள். அவர் என்னைவிடப் பழையவர், முசலிப் பக்கத்து ஆள், வயலை அறிந்தவர். எலிமருந்து கேட்டு வருகிறவர்கள் மட்டும் எனக்கு. "எலி விசயம் பொம்பிளையளுக்குத்தான் தெரியும்" என்று முதலாளி முதல்நாளே பிரித்துக் கொடுத்துவிட்டார். உங்கள் வீட்டில் மா போட்டு வைத்த தகர ரின்னையும் எலி திறந்திருந்தால், அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலையையும் கடித்திருந்தால், நான் சொல்லப் போவது உங்களுக்கு விளங்கும்.

மந்திரித்த மெழுகுதிரி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டியாக வருகிற மெழுகு மருந்துதான் உலகத்திலேயே சிறந்தது என்று நம்பியிருந்தேன். பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு அம்மா வந்து, வீட்டு மாதா பீடத்தில் கொளுத்தி வைக்கிற மெழுகுதிரிகளை எலி தின்கிறது என்று முறையிட்டார். எனக்கோ பெரிய சந்தோசம். மெழுகு தின்கிற எலிக்கு மெழுகு மருந்து, இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? நாலு கட்டி கொடுத்து, பீடத்துக்குக் கீழேயே வைக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அம்மா நாலு கட்டியையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றில்கூடப் பல் படவில்லை. மெழுகுதிரிகள் மட்டும் அடிக்கட்டை வரைக்கும் போயிருந்தன. அவரே என்னைத் தேற்றினார்: "பிள்ளை, நீங்கள் யோசிக்காதேங்கோ. எங்கட வீட்டு எலி சுவாமியார் மந்திரிச்ச மெழுகுதிரி மட்டும்தான் தின்னும்போல கிடக்கு."

வாடியில் ஒரு துண்டு

அதிலிருந்து நான் பாடம் படித்தேன் என்று நினைப்பீர்கள். பிழையான பாடத்தைப் படித்தேன். எலிக்கு எது பழக்கமோ அதிலேயே மருந்தைக் கலக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்ததாக வந்தவர் பேசாலைப் பக்கத்தில் கருவாட்டு வாடி, அதாவது கடற்கரைக் கொட்டில், வைத்திருப்பவர். சாக்குச் சாக்காகக் கட்டி வைத்த கருவாட்டை எலி நாசம் செய்கிறது என்றார். நான் கொஞ்சமும் தயங்காமல், "கருவாட்டுத் துண்டில தடவி வையுங்கோ" என்றேன்.

மனுசன் சொன்னபடியே செய்திருக்கிறார். அடுத்த கிழமை வந்து, கடையில் நாலு பேர் நிற்கும்போது, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "தங்கச்சி, வாடி நிறையக் கருவாடு கிடக்கு. நீங்கள் தந்த அந்த ஒரு துண்டுக்கு எலி வரிசையில வந்து நிக்குமோ?"

நிசாம் நானாவின் விருந்து

அன்று பின்னேரம் நிசாம் நானா என்னை இருத்தி வைத்து விளக்கினார். எலி சந்தேகக்காரன். புதிதாக எதைக் கண்டாலும் முதலில் கொறித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். வயிறு நொந்தால் பிறகு அந்தப் பக்கமே வராது. ஆகவே முதலில் மருந்தில்லாமல் நாலைந்து விதச் சாப்பாட்டைச் சின்னச் சின்னக் குவியலாக வைக்க வேண்டும். எது விடியமுன் முடிகிறதோ, அதுதான் அந்த இடத்து எலியின் விருப்பம். பெரும்பாலும் அந்த இடத்தில் கிடைக்காத ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு நாலு நாள் அதையே, அதே இடத்தில், அதே நேரத்துக்கு வைக்க வேண்டும். கூச்சம் போய், நம்பிக்கை வந்து, சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்த பிறகு, ஐந்தாம் நாள் மருந்து.

கேட்க நன்றாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும். இன்றைக்கே எலி சாக வேண்டும் என்று ஓடி வருகிறவரிடம், நாலு நாள் அதற்குச் சாப்பாடு போடுங்கள் என்றால் முகம் எப்படிப் போகும்! தலைமன்னாரில் இருந்து வந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, என்ர மாமியார் வந்து நிக்கேக்கையே நான் நாலு நாள் ஒரே மாதிரிச் சமைக்கேல்லை."

மெற்றில்டா அக்காவின் பிட்டு

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் வங்காலையிலிருந்து சூசை அண்ணையும் மனைவி மெற்றில்டா அக்காவும் வந்தார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம், கடலுக்குப் போக ஏலாது. வள்ளம் கரையில், வலைகள் கடற்கரை வாடிக்குள். காற்று அடங்கியதும் அந்த வலைகளோடுதான் சூசை அண்ணை கடலுக்கு இறங்க வேண்டும். ஒரு பொலித்தீன் பையிலிருந்து வலைத்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கை போகிற அளவுக்கு ஓட்டை. "இது ஒண்டுதான் இப்ப. மற்றதுகளும் இப்பிடிப் போனால் இந்த வருசம் நான் கரையில நிக்க வேண்டியதுதான்" என்றார்.

இந்த முறை நான் பிழை விடவில்லை. வங்காலைக்கே போய் ஐந்து சிரட்டையில் ஐந்து சாப்பாடு வைத்துப் பார்த்தேன்: பாண், வறுத்த தேங்காய்ப்பூ, அரிசி, நண்டுச் சதை, மெற்றில்டா அக்கா அன்றைக்கு அவித்த ஒடியல் பிட்டு. விடிய நாலு சிரட்டை அப்படியே இருக்க, பிட்டுச் சிரட்டை துடைத்து வைத்ததுபோல வெறுமையாகக் கிடந்தது. கடற்கரை எலி மீனிலும் நண்டிலும் சலித்துப் போயிருந்தது. பனங்கிழங்கு மாவின் அந்தக் கைப்பு வாசம் அதைப் பிடித்துவிட்டது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மெற்றில்டா அக்கா சிரட்டையை எடுத்துப் புருசனுக்கு முன்னால் நீட்டினார்: "பாத்தீங்களோ, நீங்கள் கைக்குது எண்டு தள்ளி வைக்கிற பிட்டு. எலிக்காவது நாக்கு இருக்கு."

ஐந்தாம் நாள்

நாலு நாளும் அக்கா ஒழுங்காகப் பிட்டு அவித்து வைத்தார். எங்கே வைப்பது என்று கேட்டபோது, வலை மடிப்புக்குள்ளேயே வையுங்கோ, அவை வருவது அங்கேதானே என்று சொன்னதும் நான்தான். முதல்நாள் ஒரு சிரட்டை முடிந்தது, நாலாம் நாள் ஐந்து சிரட்டை முடிந்தது. பக்கத்து வாடி எலிகளும் வரத் தொடங்கிவிட்டன என்று போனில் சொன்னார். ஐந்தாம் நாள் மருந்து கலப்பது என் பொறுப்பு. அதை மட்டும் ஆட்களின் கையில் விடுவதில்லை.

நாட்களை எண்ணிய நான் கலண்டரைப் பார்க்கவில்லை. அந்த ஐந்தாம் நாள்தான் ஊரே மடு மாதா கோயிலுக்குப் புறப்படுகிற நாள். ஆவணிப் பெருநாளுக்கு வங்காலைச் சனம் பாய், பானை, பிள்ளை குட்டியோடு போய்க் கூடாரமடித்துத் தங்கும். சூசை அண்ணை போகிற வழியில் கடைக்கு வந்து வாடிப் பூட்டின் திறப்பைத் தந்தார். "நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் வைக்கிறன்" என்று நான் சொன்னேன். அன்று கடை பூட்ட இருட்டிவிட்டது, போகவில்லை. அடுத்தநாள் விடிய மடுவுக்குப் போக எங்கள் வீட்டு வாசலிலும் வாடகை வான் வந்து நின்றது. மச்சானின் குடும்பம் முழுக்க ஏறியிருந்தது. வங்காலைப் பக்கம் ஒருக்கால் திருப்பச் சொன்னால் திருப்பியிருப்பார்கள். எல்லாரும் முணுமுணுப்பார்களே என்று நான் கேட்கவே இல்லை. நிசாம் நானாவுக்கு ஒரு போன் அடித்திருந்தால் அவர் போயிருப்பார். இரண்டு மூன்று நாள் பிந்தினால் என்ன வந்துவிடும் என்று திறப்பையும் மருந்தையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வானில் ஏறினேன்.

மடுவில் தண்ணீர்ப் பைப்படியில் மெற்றில்டா அக்காவைக் கண்டேன். கண்டதும் கேட்டார், மருந்து வைச்சாச்சோ என்று. இல்லை என்று சொல்லியிருந்தால் சூசை அண்ணை அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பார். வலைகள் தப்பியிருக்கும். நான், "ஓம் அக்கா, வைச்சனான்" என்றேன். அன்று பின்னேரம் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, பிள்ளைகளுக்கு ஏசினது வரைக்கும் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. பைப்படியில் என் பதிலைக் கேட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது: "மாதாவே, அப்ப இனி என்ர மனுசன் நிம்மதியாய்ச் செபம் சொல்லும்."

திறப்பு

பெருநாள் முடிந்து அவர்களுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் வாடி வாசலில் நின்றார்கள். திறப்பு என்னிடம்தானே. திறந்தேன். சூசை அண்ணை முதல் வலையைத் தூக்கினார். பாதி கையோடு வந்தது, மீதி நிலத்தில் கிடந்தது. பிட்டு வரும் என்று நாளுக்கு நாள் வந்து பார்த்த எலிகள், மடிப்புக்குள் கொட்டுண்டு கிடந்த தூளைத் தேடித் தேடி வலைகளைக் கிழித்திருந்தன. நாலு வலையில் ஒன்றுகூட உதவாது. சிரட்டைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார், எதிலும் மருந்தின் தடமே இல்லை.

பொய்யை ஒப்புக்கொண்டேன், அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மெற்றில்டா அக்காதான் வாயைத் திறந்தார்: "எலியில பிழை சொல்லேலாது தங்கச்சி. அதுகள் பழக்கின நேரத்துக்கு ஒழுங்காய் வந்திருக்குதுகள். வராமல் விட்டது நீங்கள்தான்."

முடிச்சு

அந்த வாரமே நிசாம் நானா வந்து, பிட்டில் மருந்து கலந்து வைத்தார். இரண்டே நாளில் வாடியில் எலி இல்லை. காக்க வலையும் இல்லை. காற்று அடங்கிக் கடல் திறந்தபோது சூசை அண்ணை இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்கு ஏறினார். இருபத்தைந்து வருடம் சொந்த வள்ளத்தில் முன்னுக்கு நின்ற மனுசன். அவருடைய வள்ளம் அந்த வருடம் முழுக்கக் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடியப் போய், மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒரு வலையாவது ஆக்க அக்காவுக்கு உதவுகிறேன். என் முடிச்சு நிற்பதில்லை. போன ஞாயிறு சூசை அண்ணை பக்கத்தில் வந்து குந்தி, நான் போட்ட முடிச்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்து, திரும்பப் போட்டார். மடுவுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு இதுதான்: "வருவன் எண்டு சொன்ன ஞாயிறெல்லாம் வாறீங்கள், அது போதும். முடிச்சை நான் போடுறன்."

எந்த எலிக்கு எந்தச் சாப்பாடு என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லுவேன்; "நானே வந்து வைக்கிறேன்" என்று மட்டும் யாருக்கும் சொல்வதில்லை, முதலில் வானை எந்தப் பக்கம் திருப்புவது என்று வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.